மெஷின் பொய் சொல்லாது

ஓய்வு பெற்ற ஆண்களை என்ன செய்வது என்று அரசாங்கம் யோசிப்பதே இல்லை. சால்வை போர்த்தி, கையில் ஒரு சுவர்க்கடிகாரத்தைக் கொடுத்து, ஆபீஸ் ஜீப்பில் ஏற்றி வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த ஆளோடு மாரடிப்பது பெண்டாட்டியின் தலையெழுத்து. என்னையும் அப்படித்தான் இறக்கிவிட்டார்கள். வேங்கிக்காலில் என் ஆபீசும் வீடும் கூப்பிடு தூரம். ஜீப் கியர் மாற்றுவதற்குள் வீடு வந்துவிட்டது.

முப்பத்து நாலு வருஷம் நான் பார்த்த வேலை இதுதான்: ஒருவர் எழுதிய குறிப்புக்குக் கீழே, அது சரியில்லை என்று இன்னொரு குறிப்பு எழுதுவது. அந்தக் கை சும்மா இருக்குமா? ஃபோனில் ஷாப்பிங் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். வீட்டுக்கு அட்டைப்பெட்டிகள் வர ஆரம்பித்தன.

முதலில் வந்தது தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற மெஷின். அது மழை பெய்தாலும் கத்தியது, காக்கா வந்து உட்கார்ந்தாலும் கத்தியது, தொட்டி நிரம்பி வழிந்தபோது மட்டும் கம்மென்று இருந்தது. அடுத்து சப்பாத்தி போடும் மெஷின். அதில் மாவை வைத்து மூடினால் ஆந்திராவும் வரும், ஒடிசாவும் வரும், வட்டம் மட்டும் வராது. அப்புறம் அடி எண்ணுகிற கைக்கடிகாரம். ஒரு பௌர்ணமிக்கு அதைக் கட்டிக்கொண்டு மலையைச் சுற்றி வந்தேன். ஊர் உலகத்துக்கே பதினாலு கிலோமீட்டர் என்று தெரிந்த பாதை. கடிகாரம் பன்னிரண்டுதான் என்றது. மீதி ரெண்டு கிலோமீட்டர் புண்ணியம் யாருக்குப் போய்ச் சேர்ந்ததோ, அண்ணாமலையாருக்கே வெளிச்சம்.

இத்தனைக்கும் நான் மாங்கு மாங்கென்று ஒவ்வொன்றையும் சோதித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நல்லது கெட்டது எழுதிப் போடுவேன். சொந்தக்காரர்கள் மிக்ஸி வாங்குவதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுத்தான் வாங்குவார்கள். நான் சொன்னதற்கு நேர் எதிராக வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

என் மனைவி இதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு வேலை இருந்தது. அவள் மலைக்குப் பின்பக்கம் இருக்கிற அடி அண்ணாமலை ஊர்க்காரி. அவள் போடும் அதிரசத்துக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு. வளைகாப்பு, சீர்வரிசை, தீபாவளி நோன்பு என்று வருஷம் முழுக்க யாராவது சொல்லிவைத்துக்கொண்டே இருப்பார்கள். கூடத்தின் ஓரத்தில் அட்டைப்பெட்டிகள் ஏறுவதையும், பரணில் அதே பெட்டிகள் போய்ச் சேருவதையும் பார்த்துவிட்டு, "குழந்தைக்குப் பொம்மை வேணும்தான்" என்பாள். அவ்வளவுதான் எதிர்ப்பு.

அப்படி இருந்த வீட்டில்தான் அவளுக்குச் சர்க்கரை என்று ஒரு மருத்துவ முகாமில் கண்டுபிடித்தார்கள். ரொம்ப ஜாஸ்தி இல்லை. டவுனில் நாங்கள் வழக்கமாகப் போகிற டாக்டர் ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்து, "இனிப்பைக் கம்மி பண்ணுங்கம்மா, கொஞ்சம் நடங்க, போதும்" என்றார். அவள் வெளியே வந்ததும் சொன்னாள்: "கம்மி என்ன கம்மி, இனிமே வாயிலயே வைக்க மாட்டேன்." அதிரசம் போடுகிறவள் அதிரசத்தை விடுவது சாமானியம் இல்லை. ஆனால் அவள் அப்படிப்பட்டவள்தான். ஒரு முறை என் அக்காவோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து ஏழு வருஷம் பேசவில்லை.

விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். அன்றைக்கே சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் போட்டேன்.

அழகான மெஷின். உள்ளங்கைக்குள் அடங்கும். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், ஐந்து விநாடியில் எண். அந்த எண் தானாக ஃபோனுக்கு வந்து கோடு கோடாக வரைபடம் போட்டுவிடும். ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் குறிப்பு எழுத ஓர் இடம் வேறு இருந்தது. குறிப்பு! எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கூட வந்த புத்தகத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, ஈரம் துடைத்து, பிறகு குத்தவும் என்று இருந்தது. நான் அதைவிட ஒரு படி மேலே போனேன். ஸ்பிரிட் பாட்டிலும் பஞ்சும் வாங்கிவந்தேன். ஆஸ்பத்திரியில் அதைத்தானே தடவுகிறார்கள், நாம் என்ன குறைச்சல்? அதிகம் வேலை செய்யாத கையில் குத்தினால் வலி கம்மி என்றும் போட்டிருந்தது. ஆகவே அவளுக்கு இடது கை. நேரமும் குறித்தேன்: காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் ஒன்று, டிபன் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பத்தரைக்கு ஒன்று. ஃபோனில் அலாரம் வைத்தேன்.

முதல் வாரம் எல்லாம் ஒழுங்காக இருந்தது. வெறும் வயிற்றில் நூற்றுப் பத்து. பத்தரைக்கு நூற்று நாற்பது, நூற்றைம்பது. அவளும் பொறுமையாக விரலை நீட்டினாள். "கொசு கடிச்சா திட்டுறோம். இதை ஆர்டர் போட்டு வரவைக்கிறோம்" என்று மட்டும் ஒரு நாள் சொன்னாள்.

இரண்டாவது வாரம் ஒரு வளைகாப்புக்கு அதிரசம் சொல்லியிருந்தார்கள். வெல்லப் பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு அலாரம் அடித்தது. நான் மெஷினும் பஞ்சுமாக அடுப்படிக்குப் போய் நின்றேன்.

"பத்து நிமிஷம் இருங்க, மாவைக் கலந்துட்டுக் கையைக் கழுவிட்டு வர்றேன். இப்ப கையில தண்ணி பட்டா மாவு பூத்துடும்."

அதிரச மாவு ரெடியாகும் வரை ஈரக் கை ஆகாது, ஒரு சொட்டுப் பச்சைத் தண்ணீர் பட்டாலும் மாவு பூசணம் பிடித்துவிடும் என்பது அவள் தொழில் சாத்திரம். கையை ஒரு காய்ந்த துணியில்தான் துடைத்துக்கொள்வாள். பத்து நிமிஷம் தள்ளிப்போடுவதா? முப்பத்து நாலு வருஷ சர்வீசில் பிறத்தியார் தாமதமாக வந்ததை எல்லாம் குறித்துவைத்தவன் நான். "கழுவவும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஸ்பிரிட் இருக்குது" என்று சொல்லி விரலைப் பிடித்துத் தடவிக் குத்தினேன்.

இருநூற்று எண்பத்தேழு.

"என்னம்மா இது?"

"என்னைக் கேட்டா? உங்க மெஷினைக் கேளுங்க."

"டிபனுக்கு அப்புறம் என்ன தின்னே?"

"ரெண்டு இட்லி. நீங்கதானே எண்ணி வச்சீங்க."

மெஷினில் கோளாறோ என்று என் விரலில் குத்திப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு. மெஷின் சரியாகத்தான் இருக்கிறது. மறுநாள் அவள் அதிரசம் தட்டிப் பொரித்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு முந்நூற்று ஐந்து. அதற்கு மறுநாள் வேலை எதுவும் இல்லை. நூற்று நாற்பத்தி நாலு. எந்த நாளிலும் காலை ஆறு மணிக்கு மட்டும் எண் பத்தினியாக இருந்தது.

எனக்குள் இருந்த ஆபீசர் விழித்துக்கொண்டார். காலையில் சரியாக இருக்கிறது. பகலில் ஏறுகிறது. அதுவும் அதிரசம் போடுகிற நாளில் மட்டும் ஏறுகிறது. அதிரசம் இல்லாத நாளில் ஏறவில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா? வரைபடத்தில் முந்நூற்று ஐந்துக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: "ஒளித்துத் தின்கிறாள்."

அவளிடம் கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது மரியாதைக்கு. விசாரணை வைத்தேன்.

"நான் தின்னலீங்க."

"பொய் சொல்லாத. பதம் பார்க்கிறேன்னு ஒரு துண்டாவது போட்டிருப்பே."

"வாயில போட்டுப் பதம் பார்க்கிற ஆளா நான்? கையிலதான் பார்ப்பேன். இத்தனை வருஷம் பார்த்திருக்கீங்களே."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு அது ஒப்புதல் வாக்குமூலம் மாதிரி இருந்தது. மெஷின் பொய் சொல்லாது என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும். சர்க்கரை டப்பாவையும் கற்கண்டு பாட்டிலையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். காலை டிபனை இரண்டு இட்லியிலிருந்து ஒன்றாக்கினேன். பிறகு, குழந்தை தூங்குகிறதா என்று பார்ப்பதற்காக விற்கிற ஒரு குட்டிக் காமிராவை வரவழைத்து அடுப்படி மாடத்தில், பெருங்காய டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிற பாவனையில், ஃபோனில் என் பெண்டாட்டி பாகு கிண்டுவதை உளவு பார்த்தேன். அரை மணி நேரம் பார்த்ததில் தெரிந்தது: வேலை செய்கிற ஒரு பெண்பிள்ளையை உற்றுப் பார்த்தால் எல்லாமே சந்தேகமாகத்தான் இருக்கும். முந்தானையால் வாயைத் துடைத்தாள். ஏன் துடைத்தாள்? திரும்பி நின்றாள். ஏன் திரும்பினாள்?

இரண்டாம் நாளே பெருங்காயம் எடுக்கப் போனவள் காமிராவையும் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். நான் அப்போது ஃபோனில் அவள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அதில் நான் பேப்பர் படிப்பது தெரிந்தது.

"ஏங்க, நான் என்ன நகைக்கடையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே திரும்ப அடுப்படிக்குப் போய், அடுப்புக்கு நேர் எதிரே எல்லாருக்கும் தெரிகிற மாதிரி அதை வைத்தாள். "இங்கியே இருக்கட்டும். நான் தின்னலைனு இதாவது சொல்லட்டும்" என்றாள்.

அன்று பத்தரை மணிக்கு இருநூற்றுத் தொண்ணூற்று எட்டு. காலையிலிருந்து பதிவானதை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். அவள் வாயில் ஒரு பருக்கைகூடப் போகவில்லை.

"இப்ப என்ன சொல்றீங்க?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா."

"அப்ப காமிரா என்ன, மெஷின் இல்லையா? மரப்பாச்சியா?"

காமிராவுக்கு எல்லா மூலையும் தெரியாது என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே அது உளறல் என்று தெரிந்தது. ஆனால் வரைபடம் இருக்கிறதே, வரைபடம்! ஏறி இறங்கும் சிவப்புக் கோட்டைப் பார்த்தால் எப்பேர்ப்பட்ட உளறலுக்கும் தெம்பு வந்துவிடும். அந்தத் தெம்பில் வரைபடத்தைக் குடும்பக் குழுவில் போட்டேன். "யாராவது இவளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்" என்று ஒரு வரியும் சேர்த்தேன்.

எடுத்துச் சொன்னார்கள். நாற்பது பேர் எடுத்துச் சொன்னார்கள். வெந்தயம் என்றார்கள், பாகற்காய் என்றார்கள், வாயைக் கட்டினால்தான் வாழ்வு என்றார்கள். இவள் ஏழு வருஷம் பேசாமல் இருந்த என் அக்காவே ஃபோன் போட்டு அரை மணி நேரம் புத்தி சொன்னாள். என் மனைவி ஃபோனைக் காதில் வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பேசி முடித்ததும் ஃபோனை என் மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்:

"முப்பத்தோரு வருஷத்துல உங்ககிட்ட எதையாவது ஒளிச்சிருக்கிறேனா? ஒண்ணு சொல்லுங்க பார்ப்போம்."

எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். "பேச்சை மாத்தாத" என்று சொன்னேன்.

மாதம் முடிந்ததும் டாக்டரிடம் போனோம். வரைபடத்தைக் கலரில் அச்சடித்து, மூலையில் கிளிப் போட்டு எடுத்துப் போயிருந்தேன். டாக்டர் இரண்டு பக்கம் புரட்டினார். "லேபுல மூணு மாச சராசரி பார்க்கிற டெஸ்ட் ஒண்ணு எடுத்துடலாமா?" என்று கேட்டார். தினம் ரெண்டு வேளை நானே எடுத்து வைத்திருக்கிறேன், இதைவிடவா என்றேன். வெளியே வராந்தாவில் ஐம்பது பேர் இருமிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அவளைப் பார்த்து, "என்னம்மா, வாயைக் கட்ட முடியலையா?" என்றார்.

"நான் தின்னலீங்க டாக்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினேன். ஒரு வார்த்தை பேசவில்லை, அவ்வளவுதான் செய்தேன். அந்தத் தலையாட்டலை நம்பி அவர் மாத்திரையைக் கூட்டி எழுதினார். வேளா வேளைக்குச் சாப்பிட வேண்டும், அடுத்த முறை கட்டாயம் லேபு டெஸ்டோடு வர வேண்டும் என்றும் சொன்னார். நான் மாத்திரையை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

தீபாவளி நெருங்கியது. எங்கள் பக்கம் தீபாவளி என்றால் கேதார கௌரி நோன்பு. நோன்புக்கு அதிரசம் இல்லாமல் முடியாது. போட வரவில்லை என்கிறவர்கள் எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். நாலு நாள் முன்னாலிருந்து அவளுக்கு உட்கார நேரமில்லை. அதில் ஒரு நாள் காலை புது மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நான் எண்ணி வைத்த ஒற்றை இட்லியிலும் பாதியைத் தட்டிலேயே விட்டுவிட்டு அடுப்படியில் நுழைந்துவிட்டாள்.

பத்து மணி இருக்கும். "ஏங்க" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது.

போய்ப் பார்த்தேன். இறக்கி வைத்த பாகுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வேர்வை. ரவிக்கை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. கை கிடுகிடு என்று நடுங்கியது.

"ஒரு மாதிரி வருதுங்க. கண்ணு இருட்டுது. கொஞ்சம் சக்கரை எடுத்தாங்க."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இந்த ஊரில் டீ ஆத்துகிறவரைக் கேட்டாலும் சொல்வார். நான் மெஷினை எடுத்துவந்தேன். நடுங்குகிற இடது கையைப் பிடித்து, ஸ்பிரிட் தடவி, குத்தினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, ஐந்து.

முந்நூற்றுப் பன்னிரண்டு.

"முந்நூத்திப் பன்னண்டும்மா! இதுக்கு மேல சக்கரையா? ஜாஸ்தியாகித்தான் மயக்கம் வருது!"

"இல்லீங்க... உள்ள காலியா இருக்குது... பீரோவைத் தொறங்க."

"கண்டிப்பா முடியாது. தண்ணி தர்றேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பார்வை என் மேல் நிற்காமல் நழுவியது. பிறகு என்னிடம் கேட்பதை விட்டுவிட்டாள். பக்கத்தில் இருந்த வெதுவெதுப்பான பாகுக்குள் வலது கையை மணிக்கட்டு வரை விட்டு, எடுத்து, நக்கினாள். குழந்தை மாதிரி, விரல் விரலாக, வழித்து வழித்து நக்கினாள்.

நான் அந்தக் கையைப் பிடித்து இழுத்தேன். ஆமாம், இழுத்தேன். "பார்த்தியா, என் கண்ணு முன்னாடியே தின்றே பாரு!" என்று கத்தவும் செய்தேன். பிடித்த கையை விடுவிக்க அவளிடம் தெம்பு இல்லை. இடது கையைப் பாகுக்குள் விட்டாள். அதையும் நக்கினாள். முகவாயில் வழிந்தது, புடவையில் வழிந்தது. என் கையெல்லாம் பிசுபிசு என்று ஒட்டியது.

அப்படியே சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் கம்மியானது. வேர்வை அடங்கியது. கண்ணைத் திறந்தபோது பார்வை என் மேல் நின்றது. எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு தொட்டிக்குப் போய், சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, முகத்தையும் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

இப்போது குத்தினால் ஐந்நூறைத் தாண்டும், அதைக் கையும் களவுமாக டாக்டரிடம் காட்டலாம். அந்த நிமிஷத்திலும் என் புத்தி அங்கேதான் மேய்ந்தது. மெஷினை நீட்டினேன். அவள் விரலைக் கொடுத்தாள்.

அறுபத்து நாலு.

இன்னொரு விரலில் குத்தினேன். அறுபத்தாறு. அத்தனை பாகு உள்ளே போன பிறகு அறுபத்தாறு என்றால், போவதற்கு முன்னால் எத்தனை இருந்திருக்கும்? எனக்கு இப்போது வேர்த்தது.

என் விரலைப் பார்த்தேன். அவள் கையைப் பிடித்து இழுத்ததில் அதில் பாகு காய்ந்திருந்தது. அவள் இடுப்பில் செருகியிருந்த துணியில் துடைத்தேன். ஸ்பிரிட் தடவினேன். பார்வைக்குச் சுத்தமாக இருந்தது. குத்தினேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. என் ஏழு தலைமுறையில் கிடையாது. மெஷின் முந்நூற்று நாற்பத்தொன்பது என்றது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து அதே விரலில் குத்தினேன். நூற்றுப் பதினொன்று.

மெஷின் பொய் சொல்லவில்லை. விரலில் இருந்த வெல்லத்தை அது ஒழுங்காக எண்ணிச் சொல்லியிருக்கிறது. வலது கையில் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, கிண்ணத்துத் தண்ணீரில் பாகைச் சொட்டி இடது கை விரலால் உருட்டிப் பதம் பார்த்து, காய்ந்த துணியில் துடைத்துக்கொள்கிறவள் அவள். அப்புறம் அதே இடது கையில் இலையை ஏந்தித்தான் அதிரசம் தட்டுகிறாள். அந்தக் கையைத்தான் நான் தினமும் பத்தரைக்குப் பிடித்தேன். கழுவிவிட்டு வருகிறேன் என்று முதல் நாளே சொன்னாள். வேண்டாம் என்றது நான்.

"எவ்ளோ காட்டுது?" என்று கேட்டாள்.

"அறுபத்து நாலு."

"அப்ப முந்நூத்திப் பன்னண்டு யாருக்குங்க?"

"கைக்கு" என்றேன். "உன் கைக்குத்தாம்மா. உனக்கு இல்ல."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "கேஸை அணைச்சேனா பாருங்க" என்று மட்டும் சொன்னாள். அணைத்திருந்தது. பீரோவைத் திறந்து சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தேன். ஒரு தட்டில் நாலு இட்லியும் வைத்தேன். காமிராவைப் பிடுங்கி, எங்கே போடுவது என்று தெரியாமல், கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

உடனே ஆட்டோ பிடித்து டாக்டரிடம் போனோம். நடந்ததை முழுக்கச் சொன்னேன், கையைப் பிடித்து இழுத்தது உட்பட. அவர் முதலில் பேனாவைக் கீழே வைத்தார். "பொழைச்சதே பெரிசு சார்" என்றார். அப்புறம் லேபுக்கு அனுப்பினார். மூன்று மாத சராசரி நன்றாகவே இருந்தது. முதலில் கொடுத்த சின்ன மாத்திரையே அவளுக்குப் போதும் என்றது லேபு கொடுத்த தாள். கூட்டியதை அடித்துவிட்டு, அவள் பக்கம் திரும்பி, சமாதானமாகச் சிரித்துக்கொண்டே கேட்டார்:

"உண்மையிலேயே இத்தனை நாளா ஒண்ணுமே தின்னலையாம்மா?"

"தின்னிருக்கலாம் டாக்டர்" என்றாள். "எப்படியும் திட்டு வாங்கியாச்சு. ருசியாவது மிச்சமாயிருக்கும்."

வீட்டுக்கு வந்து ஆப்பில் இருந்த குறிப்புகளை ஒவ்வொன்றாக அழித்தேன். பதினேழு இடத்தில் "ஒளித்துத் தின்கிறாள்" என்று எழுதியிருந்தேன். குடும்பக் குழுவிலும் நடந்ததைப் போட்டேன்: தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது, அவள் ஒரு துண்டும் தின்னவில்லை. வெந்தயத்தோடும் பாகற்காயோடும் ஓடிவந்த நாற்பது பேரில் ஒரே ஒருவர் கைகூப்பும் பொம்மை போட்டார். மற்றவர்கள் தீபாவளி வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு நானே ஃபோன் போட்டுச் சொன்னேன். "எதுக்கும் அவ மேல ஒரு கண்ணு வச்சிரு" என்றாள். அந்த வாயை அடைக்க ஒரு மெஷின் கண்டுபிடித்தால் நான் அதற்கும் ஆர்டர் போடுவேன்.

நோன்பு அன்று கலசம் வைத்து, இருபத்தொரு அதிரசம் அடுக்கி, எல்லாம் முறையாக நடந்தது. பூஜை முடிந்து என் கையில் நோன்புக் கயிறு கட்டிவிட்டாள். ஓர் அதிரசத்தைத் தட்டில் வைத்து என்னிடம் நீட்டினாள். ஒரு சின்னத் துண்டு நீங்களும் சாப்பிடலாம் என்று டாக்டரே அவளுக்கு அனுமதி கொடுத்திருந்தார். இன்னொன்றை எடுத்து ஓரமாகக் கால்வாசி பிட்டாள். வாய் வரை கொண்டுபோனாள். நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

பதறிப்போய், "சாப்பிடும்மா, சாப்பிடு. என்னைக் கேக்கணுமா?" என்றேன்.

"உங்களைக் கேக்கலீங்க" என்றாள். "எதை வாயில வச்சாலும் நீங்க பார்க்கிறீங்களானு பார்க்கிறதே பழகிப்போச்சு."